அடங்க மறுக்கும் சுரம்

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் சுரம் பிறக்கிறது. விரலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. இதில் முதல் பாதியைப் பற்றித்தான் ஊரே பேசும். சுத்தியலின் ஃபெல்ட் எப்படி, தந்தி எந்த எஃகு, ஒலிப்பலகை எந்த மரம் என்று வாங்குபவரும் விற்பவரும் மணிக்கணக்கில் அலசுவார்கள். ஒலி எப்படி நிற்கிறது என்ற இரண்டாம் பாதியை, அது கெட்டுப்போகும்வரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

கெட்டுப்போவதும் சட்டென்று தெரியாது. நூறு வயதை நெருங்கும் ஒரு கிராண்ட் பியானோவில் விரலை எடுத்த பிறகும் மெல்லிய ரீங்காரம் தங்கி நிற்கும். வேறொரு கட்டையை விடும்போது ‘ஸ்ஸிங்’ என்று ஓர் உரசல் கேட்கும். வேகமான இடங்களில் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். வாசிப்பவர் முதலில் தன் காலைச் சந்தேகிப்பார், பெடலைச் சரியாக விடவில்லையோ என்று. அடுத்து அரங்கத்தின் எதிரொலியை, அதற்கடுத்து சுருதி சேர்த்தவரை. தந்தியின் அதிர்வை அடக்கும் டேம்பரின் பெயர் கடைசியில்தான் அடிபடும்.

இழுத்துக் கட்டிய எஃகுத் தந்திக்கு ஓர் அடி விழுந்தால் போதும், அது லேசில் நிற்காது. பெரிய கிராண்ட் பியானோவின் மந்தர சுரம் ஒன்றைத் தட்டிவிட்டு அப்படியே விட்டால் அரை நிமிடத்துக்கு மேலும் காதில் விழும். பியானோவைப் போலவே தந்தியைத் தட்டி ஒலியெழுப்பும் சந்தூரில் டேம்பர் கிடையாது. தேவைப்பட்டால் கலைஞர் உள்ளங்கையை வைத்து அடக்குவார். ஒரே ராகத்துக்குள் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தாலும் அங்கே பெரிய சேதம் இல்லை, அதுவே ஓர் அழகு. ஐரோப்பிய இசையின் கணக்கு வேறு. அங்கே ஒரு சுரக்கூட்டம் போய் அடுத்தது வரும்போது பழையதின் மிச்சம் புதியதோடு மோதும். சந்தூரின் உறவுக்கருவியான ஹங்கேரியின் சிம்பலத்துக்குக்கூட 1874-இல் புடாபெஸ்ட்டில் யோஜெஃப் ஷுண்டா காலால் இயக்கும் டேம்பரைப் பொருத்தினார்.

பியானோவைப் பொறுத்தவரை டேம்பர் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட சமாச்சாரம் அல்ல. புளோரன்ஸ் நகரில் மெதிசி குடும்பத்தின் ஆதரவில் 1700 வாக்கில் பார்த்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய முதல் பியானோக்களிலேயே அது இருந்தது. அவர் செய்தவற்றில் மூன்று இன்றும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் மிகப் பழையது 1720-இல் செய்தது, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துத் தந்தி மெல்லியது, இழுவிசையும் குறைவு. அதை அடக்கச் சிறு டேம்பரே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்ப்பிரும்புச் சட்டம் வந்தது, தந்திகள் தடித்தன, மொத்த இழுவிசை 20 டன்னை நெருங்கியது. ஒலியும் நீண்டது. ஒலி நீள நீள, அதை நிறுத்தும் கருவியும் பெருக்க வேண்டியதாயிற்று.

இந்த மாற்றத்தைக் காதால் உணர பேத்தோவன் உதவுவார். ‘மூன்லைட்’ என்று பெயர் பெற்றுவிட்ட 1801-ஆம் ஆண்டு சொனாட்டாவின் முதல் பகுதி முழுவதையும் டேம்பர்களைத் தூக்கியபடியே வாசிக்கச் சொல்லி அவர் குறிப்பு எழுதியிருக்கிறார். அன்றைய வியன்னா பியானோவில் ஒலி சீக்கிரமே மெலிந்துவிடும் என்பதால் அது மெல்லிய மூட்டமாக மட்டும் கேட்டிருக்கும். இன்றைய கச்சேரிப் பியானோவில் அந்தக் குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றிப் பாருங்கள், நான்கைந்து தாளக்கட்டுக்குள் எல்லாம் கலங்கிவிடும். அதனால்தான் இன்றைய கலைஞர்களில் பெரும்பாலோர் டேம்பர்களைத் தூக்கும் பெடலைக் கால்வாசி, அரைவாசி என்று அளந்து மிதித்துச் சமாளிக்கிறார்கள். அந்த அளவுக்குக் கட்டுப்பட வேண்டுமானால் டேம்பர்கள் செம்மையாக இருந்தாக வேண்டும்.

கிராண்ட் பியானோவின் மூடியைத் தூக்கினால், தந்திகளின் மேல் கறுப்பு மெருகிட்ட சிறு மரத்துண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரியும். அவை டேம்பர் தலைகள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைக் கம்பளி ஃபெல்ட். 88 கட்டைகளுக்குச் சுமார் 230 தந்திகள்: மந்தரத்தின் அடியில் சுரத்துக்கு ஒன்று, சற்று மேலே இரண்டு, அதற்கு மேலே மூன்று. டேம்பர்களோ ஏறக்குறைய 70தான். உச்சியில் ஒன்றரை ஸ்தாயிக்கு டேம்பரே இல்லை. அங்கே தந்தி குட்டை, அதில் தங்கும் ஆற்றல் சொற்பம், தானாகவே அடங்கிவிடும். கட்டில்லாமல் கிடக்கும் அந்தத் தந்திகள் கீழ்ச் சுரங்களுக்கு ஒத்ததிர்ந்து மொத்த ஒலிக்கும் ஒரு மினுமினுப்பைக் கூட்டுகின்றன என்பது உபரி லாபம்.

பியானோ கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். நடு ‘ஸி’ கட்டையைச் சத்தமே வராதபடி மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். சுத்தியல் அடிக்காது, ஆனால் அந்தச் சுரத்தின் டேம்பர் மட்டும் எழுந்திருக்கும். இப்போது அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ‘ஸி’யை ஓங்கித் தட்டி உடனே விட்டுவிடுங்கள். தட்டிய சுரம் நின்றுவிடும், தட்டாத நடு ‘ஸி’ தெளிவாகப் பாடிக்கொண்டிருக்கும். கீழ்ச் சுரத்தின் அதிர்வெண் சுமார் 131 ஹெர்ட்ஸ், நடு ‘ஸி’யுடையது சுமார் 262. கீழ்த் தந்தி தன் அடிப்படை அதிர்வோடு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்களையும் எழுப்புகிறது. அந்த இரண்டு மடங்குதான் மேலே திறந்து கிடக்கும் தந்தியைத் தட்டி எழுப்பியது. டேம்பர்கள் சரியாக மூடாத பியானோவில் இது யாரும் கேட்காமலே, நாள் முழுக்க, எல்லாச் சுரங்களுக்கும் இடையே நடந்துகொண்டிருக்கும்.

மேலே தெரியும் கறுப்புத் துண்டு அந்த அமைப்பில் சிறு பகுதிதான். அதிலிருந்து மெல்லிய உலோகக் கம்பி ஒன்று தந்திகளுக்கு நடுவே கீழிறங்குகிறது. தந்திகளுக்கு அடியில் குறுக்கே போகும் ஒரு வழிகாட்டிச் சட்டத்தில், உள்சுவரில் கம்பளித் துணி ஒட்டிய, அதாவது துணி புஷ் போட்ட, துளை வழியாக அது நுழைகிறது. இன்னும் கீழே ஒரு சிறு மரத் துண்டுக்குள் போய் ஒரு திருகால் இறுக்கப்படுகிறது. அந்தத் துண்டு ஒரு மர லீவரின் மேல் கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. லீவரின் பின்முனை இன்னொரு கீலில் சுழலும். முன்முனை நீங்கள் அழுத்தும் கட்டையின் வால்பகுதிக்கு மேலே காத்திருக்கும். விரல் முன்பக்கத்தை அழுத்த, வால் எழும்பி லீவரைத் தூக்கும். லீவர் கம்பியைத் தூக்க, தலை தந்தியை விட்டு எழும். வலது பெடலை மிதித்தால் எல்லா லீவர்களுக்கும் அடியில் உள்ள நீளப் பலகை ஒன்று அத்தனையையும் ஒரே நேரத்தில் தூக்கும்.

நடுப் பெடல் இருக்கும் கருவியில் இன்னொரு சிக்கலும் சேரும். அப்போது அழுத்தியிருக்கும் கட்டைகளின் டேம்பர்களை மட்டும் மேலேயே பிடித்து நிறுத்த, ஒவ்வொரு லீவரிலும் ஒரு சிறு நாக்கும், அவற்றின் குறுக்கே சுழலும் ஒரு தண்டும் உண்டு. மார்சேயைச் சேர்ந்த புவாசெலோ நிறுவனம் 1844-இல் காட்டிய யோசனை இது. 1874-இல் ஸ்டைன்வே இதற்குக் காப்புரிமை வாங்கி நிலைநிறுத்தியது.

தலை மீண்டும் கீழே வருவது எப்படி என்பதில்தான் கிராண்ட் பியானோ நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவிலிருந்து பிரிகிறது. அப்ரைட்டில் டேம்பர் பக்கவாட்டில் அழுத்த வேண்டியிருப்பதால் ஸ்பிரிங் உண்டு. கிராண்டில் தந்தி படுத்திருக்கிறது, டேம்பர் மேலிருந்து விழுகிறது. பெரும்பாலான கருவிகளில் புவியீர்ப்பை நம்பியே காரியம் நடக்கிறது. 4 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழ ஒரு பொருளுக்குச் சுமார் 0.03 விநாடி போதும். அப்படியிருக்க, எடை கூட்ட லீவருக்குள் ஏன் ஈயத்தைப் பதிக்கிறார்கள்? தடையில்லாமல் விழும்போது கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில்தான் விழும் என்று கலிலியோ காலத்திலிருந்தே தெரியுமே.

தடை இருக்கிறது என்பதுதான் விடை. இரண்டு கீல்கள், ஒரு துணி புஷ் என்று மூன்று இடங்களில் உராய்வு. எடை கூடும் அளவுக்கு இந்த உராய்வு கூடுவதில்லை. ஆகவே லீவர் கனமாக இருந்தால் உராய்வு அதன் முன் அற்பமாகிவிடும், விழும் வேகம் தடையில்லாத வேகத்தை நெருங்கும். கீழே வந்த பிறகு ஃபெல்டைத் தந்தியோடு அழுத்தி வைப்பதும் அதே எடைதான். ஆனால் இஷ்டத்துக்கு ஈயம் சேர்க்க முடியாது. ஒரு கட்டையை மெதுவாக இறக்க, பெடலை மிதித்து டேம்பரை விலக்கிவிட்டு அளந்தால், சுமார் 50 கிராம் வேண்டும். டேம்பரின் பாரம் அதற்கு மேல் வந்து விரலில் ஏறும். முன்பக்கம் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும் கட்டையில், பாதி வழியில், சுத்தியலும் தந்தியை நோக்கிப் பாதித் தூரம் போயிருக்கும் தறுவாயில், டேம்பர் எழத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. முன்னதாகவே எழுந்தால் கட்டை கனக்கும். பிந்தினால் சுரம் மூச்சுத் திணறிப் பிறக்கும்.

இனி ஃபெல்ட். ஆட்டு ரோமத்தின் மேல்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் கொடுத்துப் பிசைந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஃபெல்ட் உருவாகிறது. அதிரும் தந்தி தொடும்போது ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி உரசும், அதிர்வின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கரைந்துவிடும். மென்மைதான் அதன் வேலைத்திறன். பல பத்தாண்டுகள் தந்தியின் மேல் விழுந்து எழுந்து, தூசி குடித்து, பள்ளம் விழுந்து இறுகிவிட்ட ஃபெல்ட் உறிஞ்சுவதற்குப் பதில் தந்தியோடு மோதித் துள்ளும். நாம் கேட்ட அந்த ‘ஸ்ஸிங்’ இதுதான். அந்துப்பூச்சி தின்ற ஃபெல்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டேம்பர் தந்தியின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதும் ஃபெல்டின் மென்மை அளவுக்கு முக்கியம். அதிரும் தந்தியில் ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் அசையாத கணுக்கள் உண்டு. தந்தியின் எட்டில் ஒரு பங்கில் விரலை வைத்தால் எட்டு மடங்கு மேற்சுரத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல; அங்கே தந்தி அசைவதே இல்லை, எதை அடக்குவது? ஒரே புள்ளியில் தொடாமல் நீளவாக்கில் பரந்து தொடும்படி டேம்பரை அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மந்தரத்தில் தந்தி கனமானது என்பதால் ஃபெல்ட் இன்னும் நீளம். இரட்டைத் தந்திக்கு இடையில் ஆப்பு போல இறங்கும் ஃபெல்ட், உச்சியை நெருங்கும்போது தட்டையான ஃபெல்ட் என்று வடிவமும் மாறும். கம்பி வளைந்தோ புஷ் தேய்ந்தோ தலை முன்னே பின்னே சற்று நகர்ந்துவிட்டால், அடிப்படைச் சுரம் அடங்கி ஏதாவது ஒரு மேற்சுரம் மட்டும் பேய் போல மேலே தொங்கும். புதிய ஃபெல்ட் போட்டும் ரீங்காரம் போகவில்லை என்ற புலம்பலில் பாதி இங்கிருந்து வருகிறது.

பழைய கிராண்டில் டேம்பர் வேலை என்றால், கண்ணுக்குத் தெரியும் ஃபெல்டை மட்டும் மாற்றிவிட்டுக் கணக்கை முடிப்பது பரவலான வழக்கம். செலவு குறைவு, வெள்ளை வெளேரென்று பார்க்கவும் புதிதாக இருக்கும். அடியில் இருக்கும் லீவர்கள் ஆட்டம் கண்டிருந்தால் அது வீண் செலவு என்பது என் கருத்து. தலையை நேராக மேலே தூக்கி, எழுந்த இடத்திலேயே திரும்ப வைப்பது லீவரின் வேலை. அது பக்கவாட்டில் ஆடினால் எவ்வளவு நல்ல ஃபெல்டும் கோணலாகத்தான் விழும்.

லீவரின் கீலில் இருப்பது சென்டர் பின் எனப்படும் சிறு உலோக ஊசி. வழக்கமான அளவு ஒன்றின் விட்டம் 1.27 மில்லிமீட்டர். நடுவில் மரம் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். இரு பக்கமும் கம்பளித் துணி புஷ்ஷுக்குள் அது சுழலும். ஊசிகள் அரை அளவு, அரை அளவாகப் படியேறும் வரிசையில் கிடைக்கின்றன. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த ஒரு படி தளர்ந்தால் லீவர் ஆடும். ஒரு படி இறுகினால் டேம்பர் மேலேயே நின்றுவிடும். துணி ஈரத்தை உறிஞ்சி உப்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஏதோ ஒரு சுரம் நிற்காமல் ஒலித்தால், முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது வழிகாட்டிச் சட்டத்தின் புஷ்ஷைத்தான்.

தேய்மானத்தைவிட மோசமானது களிம்பு. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை விட்டுவைத்தால் பச்சையாகப் படியுமே, அதன் உறவுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த நியூயார்க் ஸ்டைன்வே பியானோக்கள் பலவற்றில் கீல் மரம் ஈரம் ஏறாமல் இருக்க மெழுகும் எண்ணெயும் ஊட்டப்பட்டிருந்தது. ஊசியில் இருந்த செம்பு அந்தக் கொழுப்போடு வினைபுரிந்து பச்சைப் பிசினாக மாறிவிட்டது. கரைப்பான் விட்டால் சில காலம் இளகும், பிறகு பழையபடி ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் நோய் மரத்துக்குள் இருக்கிறது. ஊசியும் துணியும் மாற்றிப் பயனில்லை, மரத்தையே மாற்ற வேண்டும்.

ஈயத்துக்கும் தனி வியாதி உண்டு. மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி, காற்றின் ஈரம், கரியமில வாயு மூன்றும் சேர்ந்து ஈயத்தை வெள்ளைத் தூளான கார்பனேட்டாக மாற்றுகின்றன. உலோகம் இருந்த இடம் அந்தத் தூளுக்குப் போதாது. அது பிதுங்கி லீவரின் மரத்தைப் பிளக்கும், அல்லது பக்கத்து லீவரோடு உரசும். வேறு சில இடங்களில் மரம் சுருங்கி ஈயம் தளர்ந்து, கட்டையைத் தட்டும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு கேட்கும். அந்த வெள்ளைத் தூள் நஞ்சு. ஊதித் தட்டிவிடும் பழக்கத்தை விட்டு, ஈரத் துணியால் துடைத்துக் கையைக் கழுவ வேண்டும்.

மாற்று லீவர்கள் வாங்கக் கிடைக்கின்றன. ஸ்டுட்கார்ட்டில் 1882-இல் தொடங்கிய ரென்னர் நிறுவனம் தலைமுறைகளாகப் பல பியானோ நிறுவனங்களுக்கு உள்ளுறுப்புகளைச் செய்து தருகிறது. 2019-இல் ஸ்டைன்வே அதையே வாங்கிவிட்டது. ஜப்பானியத் தயாரிப்புகள் உண்டு. மரத்தை விட்டு நைலான் கலவையில் வார்த்தவையும் உண்டு. ஈரத்தில் உப்பாத பொருள் என்றதும் ஆசை வருவது இயல்பு. ஸ்டைன்வேயின் நியூயார்க் தொழிற்சாலையே 1962-இல் துணி புஷ்ஷைக் கைவிட்டு டெஃப்லான் புஷ்ஷுக்கு மாறியது. வழுக்கும், தேயாது, ஈரம் குடிக்காது. ஆனால் அதைச் சுற்றியிருந்த மரம் பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கியது, டெஃப்லான் அசையவில்லை. தளர்ந்த புஷ்கள் சொடுக்குப் போட ஆரம்பித்தன. இருபது ஆண்டு கழித்து நிறுவனம் துணிக்கே திரும்பியது. மரத்தோடு சேர்ந்து மூச்சுவிடும் பொருள் வேண்டும், இல்லையென்றால் மரமே இருக்கக் கூடாது. பாதிப் பாதி வேலைக்கு ஆகாது.

எதை வாங்கினாலும் பழையதின் அளவோடு ஒத்துப்போக வேண்டும். பின்கீலிலிருந்து கம்பி வரை உள்ள தூரத்துக்கும், பின்கீலிலிருந்து கட்டை தொடும் இடம் வரை உள்ள தூரத்துக்கும் இடையிலான விகிதம்தான் டேம்பர் எவ்வளவு எழும் என்பதைத் தீர்மானிக்கிறது. பேச்சுக்கு, கட்டை தொடும் இடம் 80 மில்லிமீட்டரிலும் கம்பி 60 மில்லிமீட்டரிலும் இருந்தால் வால் 4 மில்லிமீட்டர் எழும்போது தலை 3 எழும். கம்பியை 66-க்குத் தள்ளினால் 3.3 எழும், தலையும் கம்பியும் விரலில் ஏற்றும் பாரமும் அதே பத்தில் ஒரு பங்கு கூடும். பழையவற்றைக் கழற்றிக் குப்பையில் போடுமுன் அளவெடுத்து எழுதி வைக்காதவர்கள் அப்புறம் தலையில் கை வைப்பார்கள்.

வேலை தொடங்குவது கட்டைகளையும் சுத்தியல்களையும் சேர்த்து ஒரே இழுப்பறை போல முன்னால் உருவி எடுப்பதில். அப்போது தெரியாமல் ஒரு கட்டையில் விரல் பட்டாலும் அதன் சுத்தியல் எழுந்து மேலே உள்ள பலகையில் மாட்டி முறியும். அடுத்து, குனிந்து உள்ளே கையை விட்டு ஒவ்வொரு கம்பியின் திருகையும் தளர்த்தி, தலைகளை ஒவ்வொன்றாக மேலே உருவி, எண் போட்ட தாங்கியில் வரிசையாகக் குத்தி வைக்க வேண்டும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகாது; ஒவ்வொரு கம்பியும் அதனதன் தந்திகளுக்கு இடையே நெளிந்து இறங்கப் பழகியிருக்கும். கம்பிகளை மெருகுப் பசையால் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. எண்ணெய் துணியில் இறங்கி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

வழிகாட்டிச் சட்டத்தின் துளைகளில் பழைய துணியை ஈரம் காட்டி இளக்கி எடுத்துவிட்டு, புதிய துணியை நாடாவாக நறுக்கி, துளை வழியாக இழுத்து, வச்சிரப் பசையால் ஒட்டி, விளிம்போடு வெட்டுகிறார்கள். தச்சர்களுக்கு நன்கு தெரிந்த இந்தப் பசையை நவீனப் பசைகள் வந்த பிறகும் விடாததற்குக் காரணம் உண்டு. சூடும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும். ஐம்பது ஆண்டு கழித்து இதே துளையைத் திறக்கப்போகிறவர் சட்டத்தைச் செதுக்க வேண்டியிருக்காது. புதிய ஃபெல்டை ஒட்டும்போதும் பசையின் அளவில் கை கட்டுப்பாடு வேண்டும். தலையோடு ஒட்டும் பரப்பில் மட்டும் பூச வேண்டும். உள்ளே ஊறினால் ஃபெல்ட் பலகையாகிவிடும்.

கைத்திறன் தெரியும் இடம் தலையைத் திரும்பப் பொருத்துவது. கம்பியை வழிகாட்டித் துளை வழியாக விட்டு, லீவரின் துண்டுக்குள் செருகி, திருகாமலேயே தலையைத் தூக்கி விட்டுப் பார்ப்பார் கைதேர்ந்தவர். தன் எடையில் தானாக விழுந்து, மூன்று தந்திகளின் மேலும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். இப்போது திருகை இறுக்கினால், திருகின் முனை கம்பியை ஓரமாகத் தள்ளும், தலை மயிரிழை அளவு திரும்பிவிடும். கம்பியில் பழைய திருகு பதித்த பள்ளம் இருந்தாலோ, புதிய திருகு அந்தப் பள்ளத்தையே தேடிப் போய் உட்காரும். இடுக்கியால் துளைக்கு மேலே ஒரு சிறு வளைப்பு, அதை ஈடுகட்டத் துளைக்குக் கீழே ஓர் எதிர் வளைப்பு. கம்பி துளையின் ஒரு சுவரில் சாயாமல் நடுவே தொங்க வேண்டும்.

பிறகு விரல் நகத்தால் அந்தச் சுரத்தின் மூன்று தந்திகளையும் தனித்தனியாகச் சுண்ட வேண்டும். மூன்றும் ‘டொக்’ என்று செத்த ஓசை தந்தால் சரி. இடது தந்தி மட்டும் ‘டிங்’ என்றால் தலை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மறுபடி இடுக்கி. பெடலை மெதுவாக மிதித்து, தலை எழும்போது கழுத்தைத் திருப்புகிறதா, முன்னே குனிகிறதா என்று பார்க்க வேண்டும். எழும் வழியில் திரும்பும் தலை, விழும்போது தந்தியைத் தடவிக்கொண்டே விழும். இப்படியே ஏறக்குறைய 70 முறை. கை பழகியவருக்கும் இது நாள்கணக்கில் இழுக்கும் வேலை.

தனித்தனியாகச் சரியான பிறகு ஒன்றாகச் சரியாக வேண்டும். ஒரு விளக்கைத் தலைகளின் மட்டத்தில் பக்கவாட்டில் வைத்துவிட்டு, பெடலை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்கினால், முன்கூட்டியே எழும் அவசரக்காரத் தலைகளும் பிந்தும் சோம்பேறிகளும் நிழலில் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். கம்பியின் திருகைத் தளர்த்தி உயரத்தைத் திருத்தி, எல்லாம் ஒரே கணத்தில் தந்தியை விட்டு நீங்கும்வரை விடக்கூடாது. அரைப் பெடல் என்ற நுட்பமே இந்த ஒரு கணத்தின் மேல்தான் நிற்கிறது. ஐந்து தலைகள் முந்தினால் அந்த ஐந்து சுரங்கள் மட்டும் கசியும், பேத்தோவனின் மூட்டம் திட்டுத் திட்டாகிவிடும். ஓங்கித் தட்டும்போது லீவர்கள் எகிறிவிடாமல் தடுக்கும் மேல் தடுப்புச் சட்டத்தையும் இதே கையோடு வைத்துவிடலாம்: கட்டையின் முழு இறக்கத்தில் டேம்பர் எழும் உயரத்துக்குச் சற்றே மேலே.

பெடலுக்குக் கொஞ்சம் வெற்று ஓட்டமும் விட்டுவைக்க வேண்டும். பெடல் பலகை லீவர்களைத் தொட்டுக்கொண்டே இருந்தால், ஃபெல்ட் தந்தியில் முழு எடையோடு உட்காராது. புது ஃபெல்ட் விஷயத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் சில மாத வாசிப்பில் அது அமுங்கும். அமுங்கினால் தலை இறங்கும், லீவரும் கூடவே இறங்கிக் கட்டையின் வாலையும் பெடல் பலகையையும் நெருங்கும். லீவரின் முன்முனையில் கட்டை வந்து முட்டும் இடத்து ஃபெல்டும் அமுங்கி இதற்கு நேர்மாறாக இழுக்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவில் அமுங்குவதில்லை, எல்லாச் சுரத்திலும் ஒன்றுபோலவும் இல்லை, ஏனென்றால் நடு ஸ்தாயிகள்தான் அதிகம் அடி வாங்குகின்றன. ஆகவே ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து விளக்கையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு வேலை செய்தவர் மறுபடி வந்தாக வேண்டும். முதல் நாளே அந்த இரண்டாம் வருகைக்கும் சேர்த்துக் கூலி பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.